சிமாஸ் சிப்பில் கிதார் ஓவர்டிரைவ் பெடல்: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் யாராவது ஒருவர் இனிப்புக் கடை அட்டைப்பெட்டியோடு என் வீட்டுக்கு வருவார். பெட்டிக்குள் இனிப்பு இருக்காது. பாதியில் நின்றுபோன ஓர் ஓவர்டிரைவ் பெடலும் (கிதாரின் ஓசையை உறுமவைக்கக் காலால் அமுக்கும் பெட்டி), ஒயர்களும், ஒரு பேட்டரியும் இருக்கும். ஆள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி, பதிலும் சேர்த்து வைத்திருக்கிறேன். மேலிருந்து கீழாகப் படிப்பது நல்லது. பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை நம்பியே இருக்கின்றன.

சிமாஸ் சிப் கணினிக்கானது அல்லவா? அதற்கும் கிதாருக்கும் என்ன உறவு?

அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனம், இரண்டு எதிர் வகை டிரான்சிஸ்டர்களை ஜோடி சேர்க்கும் சிமாஸ் முறையில், 1968இல் கொண்டுவந்த 4000 வரிசைச் சிப்புகள் ஆம், இல்லை என்று இரண்டே பதில் சொல்லப் பிறந்தவை. நாம் எடுத்துக்கொள்ளும் 4049இல் ஆறு இன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. மின்சாரம் போனால் மின்விசிறியை ஓட்டும் இன்வெர்ட்டர் இல்லை இது. உள்ளே மேல் மின்னழுத்தம் வந்தால் வெளியே கீழ் மின்னழுத்தம் தரும், கீழே வந்தால் மேலே தரும். அவ்வளவுதான் அதன் வேலை.

ஒவ்வொரு இன்வெர்ட்டரிலும் மேலே ஒரு பி வகை மாஸ்ஃபெட் (மின்னழுத்தத்தால் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்), கீழே ஒரு என் வகை மாஸ்ஃபெட். வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு பெரிய ரெசிஸ்டரைத் திருப்பிக் கொடுத்தால், அது எந்தப் பக்கமும் சாய முடியாமல் தராசு முள்போல நடுவில் நின்றுவிடும். அந்த நிலையில் உள்ளே சின்ன அசைவு வந்தால் வெளியே பெரிய அசைவாகப் போகும். ஆம், இல்லை என்று மட்டுமே சொல்லத் தெரிந்ததை இரண்டுக்கும் நடுவே நிறுத்தி வேலை வாங்குகிறோம். இந்தப் பெடலின் இனிமையும் இந்தத் தந்திரத்திலிருந்து வருகிறது, இதன் எல்லாத் தொல்லைகளும் இதிலிருந்தே வருகின்றன.

டயோடு வைத்த டிஸ்டார்ஷன் பெடலுக்கும் இதற்கும் காதில் என்ன வித்தியாசம்?

எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ், ராட் போன்ற பெடல்களில் பெருக்கிய அலையைத் தரைக்கு (சுற்றின் பூஜ்ய வோல்ட் முனைக்கு) போகும் இரண்டு டயோடுகள் ஓர் அளவுக்கு மேல் வெட்டிவிடுகின்றன. கத்தரிக்கோல் போட்டதுபோல. சிமாஸ் இன்வெர்ட்டரில் அலை உச்சியை நெருங்க நெருங்கப் பெருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. முனை வெட்டுப்படாமல் உருண்டு போகிறது. மெல்ல மீட்டினால் ஓரளவு சுத்தம், அழுத்தி மீட்டினால் உறுமல்.

இன்னொன்றும் உண்டு. மேலே உள்ள மாஸ்ஃபெட்டும் கீழே உள்ளதும் அச்சு அசல் இரட்டையர் இல்லை. அதனால் அலையின் மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே மாதிரி உருள்வதில்லை. பாட்டு தெரிந்தவர்களுக்கு இப்படிச் சொல்வேன்: வாசித்த சுரம் ஸ என்றால், சமச்சீராக வெட்டும் சுற்று பெரும்பாலும் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தையும், அதற்கும் மேலே அந்தர காந்தாரத்தையும் கூட்டும். சமச்சீர் குலையும்போது மேல் ஷட்ஜமும் வந்து சேர்கிறது. தம்புராவில் காது பழகியவர்களுக்கு இந்த நிறைவு உடனே பிடிபடும்.

'டியூப் சவுண்ட்' என்கிறார்களே, உண்மையிலேயே வால்வு ஆம்ப்ளிஃபையர் போல ஒலிக்குமா?

அந்தப் பெயர், கிரெய்க் ஆண்டர்டன் இசைக்கலைஞர்கள் வீட்டில் செய்துகொள்வதற்காக வெளியிட்ட 'டியூப் சவுண்ட் ஃபஸ்' என்ற 4049 சுற்றிலிருந்து பரவியது. எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் நிறுவனத்தின் ஹாட் டியூப்ஸ் பெடலும், 1990களில் வந்த வே ஹ்யூஜ் ரெட் லாமாவும் இதே குடும்பம். ஆம்ப்ளிஃபையர் செய்த சன் (Sunn) நிறுவனத்தின் பீட்டா வரிசையிலும் இந்த வகைச் சிப்தான் உறுமியது. கிதாரை விட்டு வெளியே போனால், 1978இல் வந்த வாஸ்ப் சிந்தசைசரின் ஃபில்டரில் இதன் உறவுக்காரச் சிப்பான 4069 இருந்தது.

வால்வு (டியூப் என்பதும் அதே கண்ணாடிக் குழாய்தான்) போல ஒலிக்குமா என்றால், அலை உருளும் விதத்தில் ஒற்றுமை உண்டு. ஆனால் வால்வு ஆம்ப்ளிஃபையரில் மின்மாற்றி, ஸ்பீக்கர், தளரும் மின்வழங்கி எல்லாம் சேர்ந்து பாடுகின்றன. இதில் ஒரு சிப் மட்டும்தான் இருக்கிறது. இதை இதற்காகவே நேசியுங்கள் என்பதுதான் என் கட்சி. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் பஞ்சு. எனக்கு அது போதும்.

கடையில் 4049 என்று கேட்டால் போதுமா?

போதாது. 'யூபி' (UB) என்ற எழுத்துகளைப் பார்த்து வாங்குங்கள்: சிடி4049யூபிஇ, அல்லது எம்சி14049யூபி. யூபி என்றால் ஒவ்வொரு இன்வெர்ட்டரிலும் ஒரே ஒரு பெருக்கும் கட்டம்தான் இருக்கிறது என்று பொருள். வெறும் 'பி' (B) என்றால் உள்ளே கட்டங்கள் அடுக்கடுக்காக இருக்கும். பெருக்கம் எக்கச்சக்கமாகி, நடுவில் நிற்கவே மறுக்கும். ஒன்று ஊளையிடும், இல்லாவிட்டால் சதுர அலையாகக் கத்தும்.

சென்னை ரிச்சி தெருவில் ஒருமுறை பத்துச் சிப் வாங்கினேன். மேல் எழுத்து அழகாக 4049 என்றது. ஒன்றுகூடப் பாடவில்லை. உள்ளே இருந்தது 4050. கால் வரிசை அதேதான், ஆனால் தலைகீழாக்காது. அன்றிலிருந்து சால்டர் செய்வதற்கு முன் பிரெட்போர்டில் (பற்றவைக்காமல் செருகிப் பார்க்கும் பலகை) ஒரு சோதனை: 1ஆவது காலுக்கு 1 கிலோ ஓம் வழியாக 9 வோல்ட், 8ஆவது கால் தரை, 5, 7, 9, 11, 14 ஆகிய கால்களும் தரை, 3ஆவது காலுக்கும் 2ஆவது காலுக்கும் நடுவே 1 மெகா ஓம். 2ஆவது காலில் மின்னழுத்தம் 1ஆவது காலில் உள்ளதன் பாதியை ஒட்டி இருந்தால் அது இன்வெர்ட்டர்தான். பூஜ்யத்திலோ உச்சியிலோ ஒட்டிக்கொண்டால் கடைக்கே திரும்புங்கள்.

என்னிடம் 4069 இருக்கிறது. ஒரு 74ஹெச்சி04உம் இருக்கிறது. மாற்றிப் போடலாமா?

4069யூபி தாராளமாகப் போடலாம். அதிலும் ஆறு இன்வெர்ட்டர்கள், ஆனால் 14 கால்கள். மின்சாரம் 14ஆவது காலில், தரை 7ஆவது காலில். அதன் டிரான்சிஸ்டர்கள் சிறியவை. மின்சாரம் குறைவாகக் குடிக்கும், வெளியீட்டில் பலமும் குறைவு. அடுத்த பதிலில் வரும் 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலுக்குப் பதில் 100 கிலோ வையுங்கள்.

74ஹெச்சி04க்கு 7 வோல்ட்தான் உச்ச வரம்பு. 9 வோல்ட் கொடுத்தால் அது பாடாது, புகையும். போதாக்குறைக்கு அது பல கட்டச் சிப். 74ஹெச்சியூ04 என்றால் ஒற்றைக் கட்டம், 5 வோல்ட்டில் ஓட்டலாம். ஆனால் இதுதான் முதல் பெடல் என்றால் அந்த வழி வேண்டாம்.

படம் பார்த்தால் குழப்பமாக இருக்கிறது. சுற்றை வாயால் சொல்ல முடியுமா?

4049க்கு, நான் கட்டும் அளவுகளோடு சொல்கிறேன். உள்ளீட்டு ஜாக்கின் முனையிலிருந்து தரைக்கு 1 மெகா ஓம். அதே முனையிலிருந்து 68 நானோ ஃபாரட் கெபாசிட்டர், அதன் பின் 100 கிலோ ஓம், நேராக 3ஆவது கால். 3க்கும் 2க்கும் நடுவே 100 கிலோ ஓம்மும் 1 மெகா ஓம் டிரைவ் கண்ட்ரோலும் (உறுமலைக் கூட்டும் குமிழ்) தொடராக. அந்த இரண்டையும் அணைத்தபடி, இணையாக, 47 பிக்கோ ஃபாரட். 2ஆவது காலிலிருந்து 33 நானோ ஃபாரட், 100 கிலோ ஓம், 5ஆவது கால். 5க்கும் 4க்கும் நடுவே 1 மெகா ஓம், அதன் மேல் 100 பிக்கோ ஃபாரட். 4ஆவது காலிலிருந்து 10 மைக்ரோ ஃபாரட் (கூட்டல் முனை சிப் பக்கம்), அங்கிருந்து 10 கிலோ ஓம் வால்யூம் கண்ட்ரோலின் ஓர் ஓரம். மறு ஓரம் தரை, நடுக்கால் வெளியீட்டு ஜாக்.

மின்சாரம்: 9 வோல்ட்டிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக 1ஆவது கால். அந்தக் காலிலிருந்து தரைக்கு 100 மைக்ரோ ஃபாரட் ஒன்று, சிப்பை ஒட்டி 100 நானோ ஃபாரட் ஒன்று. 8ஆவது கால் தரை. மிச்ச உள்ளீடுகளான 7, 9, 11, 14 நான்கும் தரை. 6, 10, 12, 15 ஆகியவை வெளியீடுகள், அவற்றைத் தொடாதீர்கள். 13உம் 16உம் உள்ளே எதோடும் இணையாதவை. எல்இடி விளக்கு வைப்பதென்றால் 4.7 கிலோ ஓம்மோடு நேராக 9 வோல்ட்டில் வையுங்கள். 1 கிலோ ஓம்முக்குப் பிறகு வைத்தால் விளக்கு சிப்பின் சாப்பாட்டில் பங்கு கேட்கும்.

1 மெகாவை 100 கிலோவால் வகுத்தால் பத்து மடங்கு. எனக்கு ஏழுகூட வரவில்லையே?

அந்த வகுத்தல், பெருக்கவே பிறந்த ஆப்-ஆம்ப் சிப்புகளின் உலகத்துக் கணக்கு. அங்கே சிப்பின் சொந்தப் பெருக்கம் லட்சக்கணக்கில் இருக்கும். இங்கே ஒற்றைக் கட்ட இன்வெர்ட்டரின் சொந்தப் பெருக்கம் இருபது, முப்பது மடங்குதான். 25 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10ஐ, 1 கூட்டல் 11/25, அதாவது 1.44ஆல் வகுத்தால் 6.9. உங்கள் மீட்டர் பொய் சொல்லவில்லை.

இந்த ஏழ்மைதான் அலை மெல்ல உருள்வதற்குக் காரணம். கையில் பெருக்கம் நிறைய இருந்தால் திருப்பிக் கொடுக்கும் ரெசிஸ்டர் கடைசி நொடி வரை அலையை நேராக இழுத்துப் பிடித்து, பிறகு சட்டென்று கைவிடும்.

எல்லாம் சரியாகத்தான் இணைத்தேன். சத்தமே இல்லை.

மின்சாரம் எந்தக் காலில் கொடுத்தீர்கள்? 16 கால் சிப் என்றால் 16இல் கொடுப்பது கைப்பழக்கம். 4049இல் அது 1ஆவது கால், 16 வெறும் அலங்காரம். நான் ஒரு ஞாயிறு முழுவதையும் இதில் தொலைத்திருக்கிறேன். சாப்பிடக் கூப்பிட்ட அம்மாவிடம் எரிந்து விழுந்துவிட்டு, இரவு பத்து மணிக்கு அந்தக் காலைப் பார்த்தேன்.

அது சரியாக இருந்தால் மல்டிமீட்டரை எடுங்கள். 1ஆவது காலில் 5 வோல்ட் என்றால் 2, 3, 4, 5 நான்கு கால்களிலும் ஏறத்தாழ 2.5 வோல்ட் இருக்க வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றும் கால் வோல்ட் தள்ளி இருக்கலாம், பரவாயில்லை. ஒரு ஜோடி மட்டும் உச்சியிலோ தரையிலோ ஒட்டியிருந்தால், அந்த ஜோடியின் நடுவே உள்ள ரெசிஸ்டரில் சால்டர் பிடிக்கவில்லை. நான்கும் சரியாக இருந்தும் மௌனம் என்றால் சிப்பை விட்டுவிட்டு ஜாக்கையும் சுவிட்சையும் பாருங்கள்.

சிப் தொட்டால் சுடுகிறது. இது இயல்பா?

இல்லை. மிச்சமான உள்ளீடுகளைத் தரையில் கட்டவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்படுவேன். அந்தரத்தில் விட்ட சிமாஸ் உள்ளீடு காற்றில் வரும் எதையும் பிடித்துக்கொள்ளும். நடுநிலைக்கு வந்து நின்றால் மேல் கீழ் இரண்டு மாஸ்ஃபெட்டும் ஒன்றாகத் திறந்து, மின்சாரம் நேராகத் தரைக்கு ஓடும். நாம் இரண்டு இன்வெர்ட்டரில் வேண்டுமென்றே செய்வதை மற்ற நான்கும் கேட்காமலே செய்கின்றன.

அடுத்தபடி, 1 கிலோ ஓம்மை விட்டுவிட்டீர்களா என்று பாருங்கள்.

அந்த 1 கிலோ ஓம் எதற்கு? பேட்டரி தீரத் தீர ஓசை இன்னும் நன்றாக இருக்கிறதே, அது பிரமையா?

பிரமை இல்லை. இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். நடுநிலையில் நிற்கும் இன்வெர்ட்டர் விடாமல் மின்சாரம் குடிக்கும், மின்னழுத்தம் கூடினால் குடிப்பது வேகமாகக் கூடும். 1 கிலோ ஓம் அதற்குக் கடிவாளம். அதன் இரு முனைக்கும் நடுவே அளந்து பாருங்கள்: 4 வோல்ட் விழுந்தால் ஓட்டம் 4 மில்லி ஆம்பியர், சிப்புக்குக் கிடைப்பது 5 வோல்ட்.

மின்னழுத்தம் குறையும்போது இந்தச் சிப்பின் சொந்தப் பெருக்கம் கூடுகிறது, அலை விரிய இடம் குறைகிறது. இரண்டும் சேர்ந்து சீக்கிரம் உறுமவைக்கின்றன. அதனால்தான் சாகும் பேட்டரி இனிக்கிறது. அந்த ஓசை எப்போதும் வேண்டுமென்றால் 1 கிலோவை 2.2 கிலோவாக்குங்கள், புதுப் பேட்டரியே கிழவன்போலப் பாடும்.

அப்படியானால் 18 வோல்ட் கொடுத்தால் என்ன ஆகும்?

4049யூபிக்கு 18 வோல்ட் எல்லைக்கோடு, அங்கே போய் நிற்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. மேலே சொன்னதைத் திருப்பிப் படியுங்கள்: பெருக்கம் குறையும், ஓட்டம் கூடும், சிப் சூடாகும், உறுமல் தள்ளிப்போகும். ஓவர்டிரைவ் குறைந்த ஓவர்டிரைவ் பெடல் கிடைக்கும்.

டிரைவ், வால்யூம் இரண்டையும் முழுக்கத் திருப்பினால் கீச்சென்று கத்துகிறது. சிப் கெட்டதா?

சிப் நலமாக இருக்கிறது, ஒயர்தான் குற்றவாளி. ஒரு இன்வெர்ட்டர் அலையைத் தலைகீழாக்குகிறது, இரண்டாவது அதை மறுபடி நிமிர்த்துகிறது. ஆக வெளியே வரும் அலை உள்ளே போன அலையின் திசையிலேயே, பல மடங்கு பெரிதாக வருகிறது. வெளியீட்டு ஒயர் உள்ளீட்டு ஒயரின் தோளில் கைபோட்டுக்கொண்டு போனால், காற்று வழியாகவே கொஞ்சம் திரும்ப உள்ளே நுழையும். பிறகு சுற்று தன் குரலைத் தானே கேட்டுக் கத்தத் தொடங்கும்.

மூடியைத் திறந்து, கத்தும்போதே ஒரு மரக்குச்சியால் ஒயர்களை ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எதை நகர்த்தும்போது நிற்கிறதோ அதுதான். உள்ளீட்டு ஒயரைக் குட்டையாக்கி, ஷீல்டு ஒயராக (உலோக வலை சுற்றியது) மாற்றுங்கள். பெட்டி உலோகமாக இருக்கட்டும், அது தரையோடு இணைந்திருக்கட்டும். சிப்பை ஒட்டிய 100 நானோ ஃபாரட் இல்லாவிட்டாலும் இதே கத்தல் வரும்.

இரைச்சலும் ரீங்காரமும் இருக்கிறது. எது சிப்பின் குணம், எது என் பிழை?

மழை பெய்வதுபோன்ற 'ஸ்ஸ்' சத்தத்தில் ஒரு பகுதி குணம். 100 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் சும்மா இருந்தாலே இரையும், சிமாஸ் சிப்பும் அமைதிக்குப் பேர்போனதில்லை. மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போட்டால் கொஞ்சம் குறையும். 100 பிக்கோவை 220 ஆக்கினால் இரைச்சலோடு பளபளப்பும் போகும். 1 மெகாவோடு 100 பிக்கோ சேர்ந்து சுமார் 1,600 ஹெர்ட்ஸிலிருந்தே மேல் ஒலியைச் சரிக்கத் தொடங்குகிறது. இன்னும் இறக்கினால் போர்வைக்குள் பாடுவதுபோல ஆகிவிடும்.

'ம்ம்' என்ற ரீங்காரம் உங்கள் பிழை, அல்லது அடாப்டரின் பிழை. பேட்டரியில் போட்டுப் பாருங்கள். ரீங்காரம் போனால் அடாப்டரை மாற்றுங்கள். நல்ல பெடல் அடாப்டரில் நடுமுனை கழித்தல்; அதையும் பாருங்கள். தலைகீழ் மின்சாரம் இந்தச் சிப்புக்கு ஆகாது.

ஒற்றைத் தந்தியில் தேன், பல தந்திகளைச் சேர்த்துக் கோர்ட் வாசித்தால் கூழ். ஏன்?

இரண்டு சுரங்கள் ஒரே நேரத்தில் அலையை வளைக்கும் சுற்றுக்குள் போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதுச் சுரங்களாக வெளியே வரும். ஸ, ப இரண்டையும் வாசித்தால் அதிர்வு விகிதம் 2க்கு 3. கழித்தால் 1, கூட்டினால் 5. கீழ் ஷட்ஜமும் மேல் காந்தாரமும் வருகின்றன, எல்லாம் சொந்தக்காரர்கள். அதனால்தான் இரண்டு சுரப் பவர் கோர்ட் இவ்வளவு கம்பீரமாக நிற்கிறது.

காந்தாரம் சேர்ந்ததும் கதை மாறுகிறது. கிதாரின் ஃபிரெட்டுகள் சமப் பகுப்பில் போடப்பட்டவை, அதில் அந்தர காந்தாரம் இயல்பான இடத்தைவிடச் சுமார் 14 சென்ட் (ஓர் அரைச்சுரத்தை நூறாகப் பிரித்த அளவு) தூக்கலாக இருக்கிறது. சுத்தமான ஓசையில் காது மன்னித்துவிடும். உறுமலில் அந்தப் பிசகு அதிர்வாகப் படபடக்கும். இதற்குச் சுற்றில் மருந்து இல்லை. கையை மாற்றுங்கள், அல்லது கிதாரின் வால்யூமைக் குறையுங்கள். இந்தப் பெடல் அதற்கு நன்றாகவே இணங்கிப் போகும்.

பெடலை இணைத்ததும் கிதாரின் கூர்மை குறைகிறது. என் வீணையின் காண்டாக்ட் மைக்கை இணைத்தால் அடிநாதமே காணோம்.

இருவருக்கும் ஒரே நோய், அறிகுறி வேறு. இந்தச் சுற்றின் உள்ளீட்டு மின்மறுப்பு (உள்ளே வரும் அலைக்குக் காட்டும் தடை) 100 கிலோவும், 1 மெகாவை 26ஆல் வகுத்து வரும் 38 கிலோவும் சேர்ந்து 138, ஜாக்கில் உள்ள 1 மெகாவும் இணையாகச் சேர்ந்தால் சுமார் 120 கிலோ ஓம்தான் (25 என்ற பெருக்கக் கணக்கை நினைவில் கொள்ளுங்கள்). கிதார் பிக்கப் ஒரு நீண்ட கம்பிச்சுருள். சுமை ஏறினால் அது மேல் ஒலியை இழக்கும். சிலருக்கு அந்த மழுங்கல் பிடித்தும் இருக்கிறது.

காண்டாக்ட் மைக் என்பது பீசோ வில்லை, அது கெபாசிட்டர் போல நடந்துகொள்ளும். 10 நானோ ஃபாரட் வில்லை என்றால் 120 கிலோ சுமையில் சுமார் 130 ஹெர்ட்ஸுக்குக் கீழே சரியத் தொடங்கும். வீணையின் மந்தரம் அங்கேதான் இருக்கிறது. முன்னால் ஒரு டிஎல்071 பஃபர் (சுமையைத் தான் தாங்கும் ஆப்-ஆம்ப் கட்டம்) வையுங்கள், உள்ளீட்டு ரெசிஸ்டர் 2 மெகாவுக்குக் குறையாமல். பேஸ் கிதார்காரர்களுக்கு இன்னொரு வேலை: 33 நானோவை 100 நானோவாக்குங்கள். 33க்கு எல்லை 35 ஹெர்ட்ஸ் வாக்கில், உங்கள் கீழ்த் தந்தியோ அதை ஒட்டி 41இல் நிற்கிறது.

நேராக மிக்சரில் செருகினேன். தேனீக் கூட்டம் போல ஒலிக்கிறது.

கிதார் ஆம்ப்ளிஃபையரின் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் வாக்கில் கதவைச் சாத்திவிடும். மிக்சருக்கும் அதன் ஸ்பீக்கருக்கும் அந்த நாகரிகம் தெரியாது, எல்லாவற்றையும் சொல்லிவிடும். நடுவில் கேபினெட் சிமுலேட்டர் (கிதார் ஸ்பீக்கரைப் போல நடிக்கும் சுற்று) ஒன்று வேண்டும்.

நான்கு இன்வெர்ட்டர்கள் சும்மா இருக்கின்றனவே. மனம் கேட்கவில்லை.

எனக்கும் கேட்கவில்லை. மூன்றாவது கட்டமாகத் தொடர்ந்து போட்டால் உறுமலைவிட இரைச்சல்தான் கூடும். நடுவில் அலையைக் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போட்டால் நீண்டு ஒலிக்கும் ஓசை கிடைக்கும், ஆனால் கீச்சுக்கான மருந்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் இரண்டு இன்வெர்ட்டர்களை இணையாகக் கட்டினால் சிப்பின் சொந்த இரைச்சல் 3 டெசிபல் வரை குறையும், மின்சாரம் கூடுதலாகக் குடிக்கும். மிச்சமானவற்றில் இது ஒன்றுதான் உருப்படியான உபயோகம் என்பேன்.

மிச்சத்தில் இரண்டை வைத்து ஓர் ஆசிலேட்டர் (தானே துடிக்கும் சுற்று) கட்டி, விளக்கைச் சிமிட்டவைக்கும் எண்ணம் சிலருக்கு வரும். எனக்கும் வந்தது. ஆறும் ஒரே 1ஆவது காலிலிருந்துதான் சாப்பிடுகின்றன. விளக்கு சிமிட்டும்போதெல்லாம் மற்றவற்றின் மின்னழுத்தமும் துள்ளியது. அந்தப் பெடல் இன்னும் என்னிடம் இருக்கிறது. வாசிக்காமல் வைத்தால் ஆம்ப்ளிஃபையரில் சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்கும்.